நாற்காலிச் சுருக்கு முதல் தோட்டத்து மோட்டார் வரை: மின்சாரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பனியன் கம்பெனியில் துணி மடிப்பவர், பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர், பத்தாம் வகுப்புப் பிள்ளை, புது வீட்டுக்கு ஒயரிங் செய்யப்போகிறவர் என்று பலரும் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். பாடப்புத்தகத்தில் நிலைமின்னியல் ஒரு பாடம், மின்னோட்டம் வேறொரு பாடம். ஆனால் இரண்டிலும் சரக்கு ஒன்றுதான், மின்னூட்டம். ஒரே இடத்தில் தேங்கிக் கிடந்தால் அதற்கு ஒரு குணம். சுற்றி வர வழியும் பின்னால் இருந்து தள்ள ஆளும் கிடைத்துவிட்டால் வேறு குணம். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்த வித்தியாசத்தைச் சுற்றித்தான் வருகின்றன.

ஏனுங்க, தை மாசியில் பிளாஸ்டிக் சேரில் இருந்து எழுந்து கிரில் கேட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறதே, கேட்டில் கரண்ட் வருகிறதா?

கேட்டில் ஒன்றும் வரவில்லை. சார்ஜ், அதாவது மின்னூட்டம், இருந்தது உங்கள் உடம்பில். பாலியெஸ்டர் துணி பிளாஸ்டிக்கோடு ஒட்டி இருக்கும்போது ஒரு பரப்பில் இருந்து மற்றதற்குக் கொஞ்சம் எலக்ட்ரான்கள் தாவிவிடுகின்றன. உட்கார்ந்திருக்கும்வரை ஒன்றும் தெரியாது. எழுந்தவுடன் இரண்டு பரப்பும் பிரிகின்றன. ஒருவகை மின்னூட்டம் நாற்காலியில் தங்கிவிட, எதிர்வகை உங்களோடு கிளம்பி வருகிறது. காலில் ரப்பர் செருப்பு இருந்தால் அது தரைக்கும் இறங்காது. விரல் இரும்பை நெருங்கியதும் நடுவில் உள்ள காற்று தாங்க முடியாமல் வழிவிடுகிறது, பொறி பாய்கிறது.

காற்று ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 3000 வோல்ட் வரை தாங்கும். ஆக, சுருக்கென்று உங்களுக்குத் தெரிந்தாலே உடம்பு சில ஆயிரம் வோல்ட்டில் இருந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். தவிர்க்க ஒரு எளிய வழி: சாவியை இறுகப் பிடித்து அதன் நுனியால் கேட்டைத் தொடுங்கள். பொறி சாவி நுனியில் பாயும், விரலுக்கு வலிக்காது.

உரசினால் மின்சாரம் உண்டாகிறதா?

உண்டாவதில்லை, பிரிகிறது. எந்தப் பொருளிலும் நேர்மின் புரோட்டானும் எதிர்மின் எலக்ட்ரானும் சம அளவில் உள்ளன. அந்தச் சமன் லேசாகக் குலைவதைத்தான் நிலைமின்சாரம் என்கிறோம். உண்மையில் உரசவேண்டும் என்றுகூட இல்லை; தொட்டுப் பிரிந்தாலே போதும். உரசும்போது தொடும் இடங்கள் கூடுகின்றன, அவ்வளவுதான். செல்லோடேப்பைச் சுருளில் இருந்து வேகமாகப் பிரித்தால் அது கையிலேயே வந்து ஒட்டிக்கொள்வதைப் பாருங்கள். அங்கே உரசல் எங்கே இருக்கிறது? எந்தப் பொருள் எலக்ட்ரானைக் கொடுக்கும், எது வாங்கும் என்று பட்டியல் போட்டிருக்கிறார்களே தவிர, ஏன் அப்படி என்பது இன்றும் முழுதாகத் தீராத ஆராய்ச்சிதான்.

நேர், எதிர் என்ற பெயர்களை வைத்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின். அது 18ஆம் நூற்றாண்டு. எலக்ட்ரானை ஜே.ஜே. தாம்சன் கண்டறிந்தது 1897இல். பிராங்க்ளின் கணக்குப்படி பார்த்தால் அது எதிர்ப் பக்கத்தில் விழுந்துவிட்டது. அதனால்தான் மின்சுற்றுப் படத்தில் அம்புக்குறி ஒரு பக்கம் போக, எலக்ட்ரான் எதிர்ப்பக்கம் போகிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை இது போட்டுக் குழப்பும். கணக்கு எதுவும் மாறாது, விட்டுவிடுங்கள்.

சார்ஜே இல்லாத காகிதத் துண்டைச் சீப்பு எப்படி இழுக்கிறது?

நல்ல கேள்வி. "எதிரெதிர் கவரும்" என்று சொல்லிவிட்டுப் பலர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

எண்ணெய் இல்லாத தலையில் வாரிய சீப்பு எதிர்மின்னோடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைக் காகிதத்தின் அருகே கொண்டுபோனால் காகிதத்தின் மூலக்கூறுகளில் எலக்ட்ரான்கள் கொஞ்சம் சீப்பை விட்டுத் தள்ளி விலகுகின்றன. சீப்பை ஒட்டிய பக்கம் நேர்மின், தள்ளி இருக்கும் பக்கம் எதிர்மின். இரண்டும் சமம்தான், ஆனால் தூரம் சமம் இல்லை. மின்விசை தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்று 1785இல் கூலும் என்ற விஞ்ஞானி அளந்து காட்டினார். அருகில் இருப்பதை இழுக்கும் விசை, தள்ளி இருப்பதை விலக்கும் விசையைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கிறது. அந்தச் சின்ன மிச்சமே காகிதத்தைத் தூக்கிவிடுகிறது.

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். செய்தித்தாள் துணுக்குகளோடு பிஸ்கட் பாக்கெட்டின் அலுமினியத் தாளைக் கிள்ளிய துணுக்குகளையும் மேசையில் போட்டுச் சீப்பைக் காட்டுங்கள். அலுமினியம் எகிறிப்போய்த் தொட்டதும் உடனே தெறித்து ஓடும். காகிதம் ஒட்டிக்கொண்டு சிறிது நேரம் தொங்கும், பிறகு ஒவ்வொன்றாக உதிரும், சிலது உதறிவிட்டது மாதிரி துள்ளும். தொட்டவுடன் சீப்பின் மின்னூட்டத்தில் பங்கு வாங்கிக்கொள்வதால், இப்போது இரண்டும் ஒரே வகை. ஒரே வகை விலக்கும். உலோகத்தில் பங்கு பிரிவது கண நேரத்தில் முடிகிறது, காகிதத்தில் இழுத்தடிக்கிறது. கடத்திக்கும் காப்பானுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காசு செலவில்லாமல் பார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது.

ஆடி மாதத்தில் இந்தச் சுருக்கு வருவதே இல்லையே, ஏன்?

ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியே ஈரக்காற்று கொங்குச் சமவெளிக்குள் நுழைகிறது. ஈரப்பதம் கூடினால் பொருள்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படியும். சேரும் மின்னூட்டம் அதன் வழியே கசிந்து போய்விடும். பனி விலகி வெயில் ஏறும் மாதங்களில் அந்தப் படலம் இல்லை, எனவே சேர்ந்தது சேர்ந்தபடியே நிற்கிறது.

நூல் மில்காரர்களுக்கு இது வெறும் சுருக்கு சமாச்சாரம் இல்லை, பிழைப்பு. வறண்ட காற்றில் இழைகள் ஒரே வகை மின்னூட்டம் ஏறி ஒன்றையொன்று விலக்கும். நூலில் பிசிறு எழும், ரோலரில் பஞ்சு சுற்றிக்கொள்ளும், இழை அறும். அதனால்தான் மில்லுக்குள் போனவுடன் முகத்தில் ஒரு புழுக்கம் அடிக்கிறது. ஸ்பின்னிங் பகுதியில் ஈரப்பதத்தை 55 முதல் 60 சதவீதம் வரை பிடித்து வைக்கவே ஹியூமிடிபிகேஷன் பிளான்ட் என்று தனியாக ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். பருத்தி தன் எடையில் 8 சதவீதம் அளவுக்கு ஈரத்தை வைத்துக்கொள்ளும், பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட வைத்துக்கொள்ளாது. திருப்பூரில் விளையாட்டு உடைக்கான பாலியெஸ்டர் துணி பெருகப் பெருக, துணி வெளிவரும் இடத்தில் நிற்பவருக்குச் சுருக்கு அடிப்பதும் பெருகியது. மெஷின்களில் மாட்டும் ஸ்டேட்டிக் பார் செய்வது இதைத்தான்: தன் ஊசி முனைகளால் காற்றை அயனிகளாக்கித் துணிமேல் ஊதி, மிகுந்து நிற்கும் மின்னூட்டத்தைச் சமன் செய்கிறது.

சேர் சுருக்கு பத்தாயிரம் வோல்ட், பிளக் 230 வோல்ட். பிளக்தான் ஆளைக் கொல்கிறது. என்ன கணக்கு இது?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான்.

பத்தாயிரம் வோல்ட்டில் நிற்கும் மனித உடம்பில் தேங்கி இருக்கும் மின்னூட்டம் ஏறக்குறைய ஒரு மைக்ரோகூலும், அதாவது மின்னூட்டத்தை அளக்கும் அலகான கூலுமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஆற்றல் சுமார் 5 மில்லிஜூல். பொறி பாய்ந்தவுடன் எல்லாம் தீர்ந்துபோகும், ஒரு நொடியின் லட்சத்தில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாது. பின்னால் இருந்து நிரப்ப யாரும் இல்லை.

பிளக் அப்படி இல்லை. அதன் பின்னால் டிரான்ஸ்பார்மர், அதன் பின்னால் துணைமின் நிலையம், அதற்கும் பின்னால் மேட்டூர். நீங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் வரை தள்ளிக்கொண்டே இருக்கும். உடம்பைப் பாதிப்பது எவ்வளவு ஆம்ப்ஸ் (ஓடும் கரண்ட்டின் அளவு), எந்த வழியாக, எவ்வளவு நேரம் என்ற மூன்றும்தான். 1 மில்லிஆம்பியரில் லேசாகத் தெரியும். 10 மில்லிஆம்பியரைத் தாண்டினால் கைத் தசை இறுகிப் பிடியை விட முடியாது, "கரண்ட் பிடிச்சு இழுத்துருச்சு" என்று சொல்வார்களே, அது. நெஞ்சு வழியே 100 மில்லிஆம்பியர் ஒன்றிரண்டு நொடி போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். காய்ந்த தோலின் தடை ஒரு லட்சம் ஓம் வரை இருக்கும். நனைந்துவிட்டால் ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230ஐ ஆயிரத்தால் வகுத்தால் 230 மில்லிஆம்பியர். ஈரக்கையோடு சுவிட்சைத் தொடாதே என்று வீட்டில் சொல்வதன் முழுக் கணக்கும் இந்த ஒரு வகுத்தல்தான்.

வோல்ட், ஆம்ப்ஸ், ஓம், வாட்ஸ்: நான்கையும் எப்படி நினைவில் வைப்பது?

மேல்நிலைத் தொட்டியின் உயரம் வோல்ட். குழாயில் நொடிக்கு எத்தனை லிட்டர் போகிறது என்பது ஆம்ப்ஸ். குழாயின் குறுகல் ஓம். கீழே வந்த நீர் சக்கரத்தைச் சுற்றி நொடிக்கு எவ்வளவு வேலை செய்கிறது என்பது வாட்ஸ். வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்ப்ஸ் என்பது 1827இல் ஓம் வெளியிட்ட விதி. வோல்ட்டையும் ஆம்ப்ஸையும் பெருக்கினால் வாட்ஸ்.

இந்த உவமை ஓரிடத்தில் காலை வாரிவிடும். குழாய் உடைந்தால் தண்ணீர் வெளியே கொட்டும். ஒயர் அறுந்தால் எலக்ட்ரான் கொட்டாது, ஓட்டமே நின்றுபோகும். மின்சாரத்துக்குத் திரும்பி வரும் பாதை கட்டாயம் வேண்டும். தண்ணீருக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை.

அப்போது பேஸ், நியூட்ரல் என்று இரண்டு ஒயர் எதற்கு என்பதும் அதுதானா?

அதேதான். பேஸில் வந்தது பல்பைக் கடந்து நியூட்ரலில் திரும்புகிறது. பல்புக்குள் நுழைந்த ஆம்ப்ஸ் எவ்வளவோ அவ்வளவும் வெளியே வரும். பல்பு கரண்ட்டைத் "தின்பதில்லை", ஆற்றலைத்தான் எடுத்துக்கொள்கிறது.

கம்பியில் உட்காரும் காக்கைக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? மயில் மட்டும் செத்து விழுகிறதே?

காக்கையின் இரு கால்களும் ஒரே கம்பியில், சில அங்குல இடைவெளியில் இருக்கின்றன. அந்த இடைவெளியில் மின்னழுத்த வேறுபாடு ஏறக்குறையச் சுழி. கம்பியே நல்ல வழியாக இருக்கும்போது காக்கை வழியே போகவேண்டிய தேவை கரண்ட்டுக்கு இல்லை. மயில் பெரிய பறவை. கம்பத்தில் இருந்து எழும்போது விரிந்த இறக்கைகள் இரண்டு கம்பிகளையோ, ஒரு கம்பியையும் கம்பத்தின் இரும்பையும் சேர்த்தோ தொட்டுவிடுகின்றன. அப்போது சுற்று முழுமையாகிவிடுகிறது. விராலிமலை போலவே நம் காடுகளிலும் மயில் பெருத்துவிட்டதால் இது இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. பழந்தின்னி வௌவாலுக்கும் இதே கதிதான்.

மேட்டூரில் கிளம்பும் எலக்ட்ரான் எங்கள் ஊருக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்?

வரவே வராது!

ஒரு சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் ஒரு ஆம்பியர் ஓடினால் எலக்ட்ரான்கள் சராசரியாக நொடிக்கு 0.07 மில்லிமீட்டர்தான் நகர்கின்றன. ஒரு மணி நேரத்தில் 26 சென்டிமீட்டர், ஒரு முழத்துக்கும் குறைவு. அதுவும் பேட்டரியின் நேர்மின்சாரத்தில், அதாவது ஒரே திசையில் ஓடும் டி.சி.யில். வீட்டுக்கு வருவது நொடிக்கு 50 சுழற்சி, அதாவது 100 முறை திசைமாறும் மாறுமின்சாரம். அதில் எலக்ட்ரான் இருந்த இடத்திலேயே ஒரு மைக்ரானுக்கும் குறைவான தூரம் முன்னும் பின்னும் ஆடுகிறது. தவிர, வழியில் உள்ள டிரான்ஸ்பார்மரில் உள்ளே வரும் சுருளும் வெளியே போகும் சுருளும் தனித்தனிக் கம்பிகள். பாரடே 1831இல் கண்ட மின்காந்தத் தூண்டல் வழியே ஆற்றல் மட்டும்தான் தாண்டுகிறது.

சுவிட்ச் போட்டவுடன் விளக்கு எரிவது, கம்பி நெடுக ஏற்கெனவே நிறைந்திருக்கும் எலக்ட்ரான்களை அசையவைக்கும் மின்புலம் ஒளியின் வேகத்தை ஒட்டிய வேகத்தில் பரவுவதால். இங்கே விளக்கை ஒளிரவைக்கப்போகும் எலக்ட்ரான் உங்கள் பல்புக்குள்ளேயே தயாராகக் கிடக்கிறது.

கோயில் நோம்பிக்குக் கட்டும் சீரியல் லைட்டில் ஒன்று போனால் எல்லாம் அணைகிறது. வீட்டில் அப்படி ஆவதில்லையே?

சீரியலில் ஒரே பாதை, எல்லாப் பல்பும் அதில் வரிசையாக. வீட்டில் ஒவ்வொரு பல்புக்கும் பேஸில் இருந்து நியூட்ரலுக்குத் தனிப் பாதை, அதாவது பக்க இணைப்பு.

பிள்ளைகளை மடக்க ஒரு கேள்வி சொல்கிறேன். 40 வாட் குண்டு பல்பையும் 100 வாட் குண்டு பல்பையும் சீரியலில் போட்டால் எது பளிச்சென்று எரியும்? நூறு என்பார்கள். நாற்பதுதான் எரியும். 40 வாட் பல்பின் தடை எரியும்போது சுமார் 1320 ஓம், 100 வாட் பல்புக்குச் சுமார் 530 ஓம். சீரியலில் இரண்டிலும் ஒரே ஆம்ப்ஸ் ஓடுவதால், தடை கூடியது வோல்ட்டில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். நூறு வாட் பல்பின் இழை சிவந்தும் சிவக்காமலும் இருக்கும். (இந்த ஓம் கணக்கை மல்டிமீட்டர் வைத்துச் சரிபார்க்கப் போய்விடாதீர்கள். ஆறிய பல்பில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் காட்டும். டங்ஸ்டன் இழை சூடாகச் சூடாகத் தடை ஏறும்.)

மோட்டாருக்குக் காயில் (கம்பிச்சுருள்) கட்டும் கடையில் ஏன் இன்னும் குண்டு பல்பைத் தொங்கவிட்டிருக்கிறார்கள்?

அது சீரியல் லாம்ப். பேஸ் ஒயரை ஒரு பல்பு வழியே கொண்டுவந்து ஒரு முனையாகவும், நியூட்ரலை மற்ற முனையாகவும் விட்டிருப்பார்கள். ஒரு முனையை மோட்டார் காயிலிலும் மற்றதை மோட்டாரின் பாடியிலும் வைப்பார்கள். பல்பு எரிந்தால் காயில் எங்கோ பாடியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது: "பாடி ஷார்ட்". இரண்டு முனையையும் ஒரே காயிலின் இரு நுனிகளில் வைத்துப் பல்பு எரியாவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது. முழு ஷார்ட்டாகவே இருந்தாலும் பல்பு கரண்ட்டைக் கட்டுப்படுத்திவிடும், பீஸ் போகாது. நூறு ரூபாய்க்குள் அடங்கும் கருவி. அனுபவப்பட்டவர் பல்பின் சிவப்பைப் பார்த்தே காயிலின் நிலையைச் சொல்லிவிடுவார். எல்ஈடி பல்பை இதற்குப் போட முடியாது. உள்ளே உள்ள சர்க்யூட் கொஞ்சம் கரண்ட் கிடைத்தாலும் மினுக்கும், எதையும் நம்பமுடியாது. ஒன்று மட்டும்: அந்த முனைகளில் 230 வோல்ட் மறைப்பு இல்லாமல் நிற்கிறது, வீட்டில் செய்து பார்க்கிற வேலை இல்லை இது.

மோட்டார் "உம்"மென்று சத்தம் மட்டும் போடுகிறது, சுற்றமாட்டேன் என்கிறது. ஏன்?

பெரும்பாலும் மூன்று பேஸில் ஒன்று வரவில்லை. மூன்று பேஸும் இருந்தால் அவற்றின் காந்தப்புலம் சேர்ந்து சுழலும், அதைத் துரத்திக்கொண்டு ரோட்டர் (மோட்டாரின் சுழலும் பாகம்) சுழலும். ஒன்று போனால் புலம் சுழலாமல் ஒரே கோட்டில் முன்பின் ஆடுகிறது. நின்ற மோட்டாரைக் கிளப்ப அதனால் முடியாது. அந்த நிலையில் வழக்கத்தைவிடப் பல மடங்கு ஆம்ப்ஸ் இழுத்துக் காயில் கருகும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பேஸ் போனால் இன்னும் மோசம். மோட்டார் நிற்காமல் மீதி இரண்டு பேஸில் அதிக ஆம்ப்ஸை இழுத்துக்கொண்டு ஓடும், காயில் வாசனை வந்த பிறகுதான் நமக்குத் தெரியும். ஸ்டார்டரில் சிங்கிள் பேசிங் பிரிவென்டர் வைப்பது இதற்காக.

லோ வோல்டேஜிலும் இதே ஆபத்து உண்டு. பம்ப் கேட்கும் வேலை மாறுவதில்லை. வோல்ட் குறைந்தால் மோட்டார் அதை ஆம்ப்ஸில் ஈடுகட்டப் பார்க்கும். 5 எச்.பி. மூன்று பேஸ் மோட்டார் 415 வோல்ட்டில் ஏழெட்டு ஆம்ப்ஸ் எடுக்கும். அம்மீட்டர் முள் பதினொன்றைத் தொட்டால் நிறுத்திவிடுங்கள்.

ஆயிரம் அடி போர் போட்டவர்கள் கேபிள் விஷயத்தில் காசு பார்க்கக் கூடாது. 300 மீட்டர் நீளம், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு, ஒரு கம்பிக்குத் தடை சுமார் 1.3 ஓம். 10 ஆம்ப்ஸ் ஓடினால் மோட்டாருக்குப் போய்ச் சேரும் வோல்ட்டில் 22 குறையும். மேலே லைனே 380இல் இருந்தால் கீழே என்ன கிடைக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

1930களில் பைகாரா மின்சாரம் வந்த பிறகுதான் கோவையில் மில்கள் மளமளவென்று பெருகின. 1937இல் பீளமேட்டில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்து காட்டினார்கள். மோட்டார் செய்த ஊரிலேயே லோ வோல்டேஜில் மோட்டார் கருகுவதைப் பார்த்தால் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

பீஸ் இருக்கிறதே, எர்த் எதற்கு? ஆர்சிசிபி வேறு எதற்கு?

பீஸும் எம்சிபியும் (கரண்ட் அதிகமானால் தானாக விழும் சுவிட்ச்) ஒயரைக் காப்பாற்ற வந்தவை, ஆளைக் காப்பாற்ற வந்தவை இல்லை. 5 ஆம்ப்ஸ் பீஸ் 5 ஆம்ப்ஸுக்கு மேல் போனால்தான் உருகும். உயிரை எடுக்க 0.1 ஆம்ப்ஸ் போதும் என்று மேலே பார்த்தோம்.

கிரைண்டரின் உள்ளே பேஸ் ஒயர் இற்று இரும்பு உடம்பைத் தொட்டுவிட்டது என்று வையுங்கள். எர்த், அதாவது மண்ணுக்குள் இறங்கும் ஒயர், இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காமல் காத்திருக்கும், நீங்கள் தொடும்வரை. எர்த் சரியாக இருந்தால் தடை குறைந்த அந்த வழியில் பெரிய கரண்ட் பாய்ந்து பீஸைப் போக்கிவிடும். நம் பக்கத்து வறண்ட செம்மண்ணிலும் பாறையிலும் எர்த் குழியின் தடை சுலபமாக ஏறிவிடும், அதனால்தான் உப்பும் கரியும் போட்டு வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார்கள்.

ஆர்சிசிபி வேறு வகைக் காவல். பேஸில் போன ஆம்ப்ஸும் நியூட்ரலில் திரும்பிய ஆம்ப்ஸும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லிஆம்பியர் குறைந்தால், எங்கோ ஒழுகுகிறது, ஒருவேளை ஒரு மனிதர் வழியாக என்று முடிவுகட்டி 0.3 நொடிக்குள் துண்டித்துவிடும். புது வீடு கட்டுகிறவர்கள் டைல்ஸில் மிச்சம் பிடித்தாவது இதை வாங்குங்கள்.

டெஸ்டர் எரியும்போது கரண்ட் என் வழியாகவா போகிறது?

ஆமாம். உள்ளே நியான் பல்போடு பத்து லட்சம் ஓம் அளவுக்கு ஒரு தடை இருப்பதால் கால் மில்லிஆம்பியருக்கும் குறைவாகவே போகும், உங்களுக்குத் தெரியாது. டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பி ஒயரைத் தொடாதீர்கள்.

உயர்மின் கோபுரத்துக்குக் கீழே ட்யூப்லைட்டைக் கையில் பிடித்தால் எரிகிறதாமே, கட்டுக்கதையா?

உண்மைதான், இருட்டில் நன்றாகத் தெரியும். 400 கிலோவோல்ட் கம்பிக்குக் கீழே ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் சில ஆயிரம் வோல்ட் வேறுபாடு இருக்கும். அது நொடிக்கு 100 முறை திசை மாறுவதால் ட்யூபுக்குள் உள்ள வாயு வழியே மிகச்சிறு கரண்ட் ஆடி ஒளிர்கிறது. காட்டில் கம்பிக்கு அடியில் நீளமாக ஓடும் இரும்பு வேலியைத் தொட்டால் சுர்ரென்பதும் இதனால்தான். வேலியை ஆங்காங்கே எர்த் செய்தால் சரியாகிவிடும். சத்தீஸ்கரின் ராய்கரில் இருந்து புகளூருக்கு வரும் 800 கிலோவோல்ட் பாதை நேர்மின்சாரம். அங்கே புலம் திசை மாறாது, ஆகவே ட்யூப் இந்த வழியில் எரியாது.

சோலார் வேலியும் கள்ளக் கரண்ட் வேலியும் ஒன்றுதானே? இரண்டுமே ஷாக்தானே?

இல்லவே இல்லை. சோலார் வேலியின் எனர்ஜைசர் 12 வோல்ட் பேட்டரியில் இருந்து சில ஆயிரம் வோல்ட் துடிப்புகளைச் செய்கிறது. நொடிக்கு ஒரு துடிப்பு மாதிரி, ஒவ்வொன்றும் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டுவதே அபூர்வம். பன்றியோ யானையோ தொட்டால் சுளீரென்று அடிக்கும், அடுத்த துடிப்புக்குள் விலக நேரம் இருக்கிறது. நாற்காலிச் சுருக்கின் பெரிய அண்ணன் என்று சொல்லலாம்.

வீட்டு லைனில் இருந்து கொக்கி போட்டு வேலிக்கு 230 வோல்ட்டை விடுவது, பிடித்தால் விடாத தொடர் கரண்ட். தடாகம், சத்தியமங்கலம் அடிவாரங்களில் யானையைக் கொன்றதும், ராத்திரி தண்ணீர் கட்டப்போன தோட்டத்துச் சொந்தக்காரரையே கொன்றதும் இந்த மாதிரி வேலிகள்தான். குற்றம், ஜெயில் என்பது இருக்கட்டும். இயற்பியலே மன்னிக்காது.

சித்திரை கோடையிடியில் தென்னைக்கே ஏன் இடி விழுகிறது?

மேகத்துக்குள் பனித்துகள்களும் ஆலங்கட்டிகளும் மோதிப் பிரிவதால் மின்னூட்டம் பிரிகிறது. நாற்காலிக் கதையேதான், அளவுதான் வேறு. ஒரு மின்னலில் 30,000 ஆம்ப்ஸ் போவது சாதாரணம். திறந்த தோப்பில் உயரமாகவும் சாறு நிறைந்தும் நிற்பது தென்னை. உள்ளே உள்ள ஈரம் கணத்தில் ஆவியாகித் தண்டைப் பிளக்கும். பல மரங்கள் அப்போது பார்த்தால் நன்றாக இருந்து சில வாரத்தில் குருத்து சாய்ந்துபோகும்.

மின்னல் தெரிந்த பிறகு இடிச் சத்தம் வரும் நொடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். அரை நிமிடத்துக்குள் கேட்டால் தோப்பை விட்டு வந்துவிடுங்கள். கார் இருந்தால் உள்ளே ஏறிக்கொள்ளுங்கள். காப்பது டயர் இல்லை, நம்மைச் சுற்றி உள்ள இரும்புக் கூடு. பைக்குக்கு அந்தக் கூடு கிடையாது.

நிலைமின்சாரத்தால் தொல்லை மட்டும்தானா?

கோவையில் கணபதியிலோ குறிச்சி சிட்கோவிலோ, பெயின்ட்டைத் தூளாகத் தூவிப் பூசும் ஒரு பவுடர் கோட்டிங் கடையில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். துப்பாக்கி முனையில் 60,000 முதல் ஒரு லட்சம் வோல்ட். அதைத் தாண்டும் பவுடர் மின்னூட்டம் ஏறி, எர்த் செய்து தொங்கவிட்ட கிரில்லை வளைத்துப் பின்பக்கம் வரை போய் ஒட்டும். பிறகு 200 டிகிரி அடுப்பில் உருகிப் படியும். உட்புற மூலைகளில் மட்டும் பவுடர் ஏறாது. உலோகத்தின் குழிவான இடத்துக்குள் மின்புலம் நுழையாது என்ற பாரடே கூண்டு விளைவு அங்கே வேலையைக் காட்டும். தொங்கவிடும் கொக்கியில் பழைய பெயின்ட் படிந்திருந்தால் எர்த் கிடைக்காமல் பவுடர் பொலபொலவென உதிரும். கொக்கியைச் சுரண்டு என்று மேஸ்திரி கத்துவதன் பொருள், சுற்றை முழுமையாக்கு என்பதுதான்.

பெட்ரோல் பங்கில் பிளாஸ்டிக் கேனில் கொடுக்க மறுப்பதும் இதனால்தானா?

ஒரு முக்கியக் காரணம் இது. பெட்ரோல் ஆவி காற்றில் சரியான அளவு கலந்திருந்தால் தீப்பிடிக்கக் கால் மில்லிஜூல் போதும். நம் நாற்காலிச் சுருக்கில் இருப்பது 5. பாய்ந்து விழும் பெட்ரோல் பிளாஸ்டிக்கில் சேர்க்கும் மின்னூட்டத்துக்கு இறங்க வழி இல்லை.

ஒரு யூனிட் என்பது எவ்வளவு?

ஆயிரம் வாட் ஒரு மணி நேரம். 75 வாட் பழைய ஃபேன் பதின்மூன்று மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 5 எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரத்தில் நாலரை யூனிட் பக்கம் இழுக்கும். தோட்டத்துக்கு இலவசம் என்பதால் அது யார் கண்ணிலும் படுவதில்லை.

கண் முன்னால் ஒருவருக்குக் கரண்ட் பிடித்துவிட்டால்?

ஓடிப்போய் அவரைப் பிடிக்காதீர்கள், நீங்களும் சுற்றில் சேர்ந்துவிடுவீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். அணைக்க முடியாவிட்டால், காய்ந்த பலகை மேல் நின்றுகொண்டு காய்ந்த கட்டையால் ஒயரைத் தட்டிவிடுங்கள். பச்சைக் குச்சி, தென்னை மட்டை வேண்டாம், அவற்றில் ஈரம் இருக்கும். இது வீட்டு லைனுக்கு மட்டும். கம்பத்தில் இருந்து அறுந்து விழுந்த கம்பி என்றால் கட்டையும் உதவாது, கிட்டத்தில்கூடப் போகாமல் மின்வாரியத்துக்குச் சொல்லி லைனை நிறுத்தச் சொல்லுங்கள். கரண்ட் விட்டபின் மூச்சு இல்லை என்றால் 108ஐக் கூப்பிடச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு நூறு முறைக்கு மேல் அழுத்திக்கொண்டே இருங்கள். எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்லீங்க" என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் இசிஜி எடுங்கள்.